தயிருக்குப் பதிலாக

பூஞ்சை என்று அந்தச் சின்ன டாக்டர் சொல்லிவிட்டுப் போய் அரை மணி நேரம் ஆகிறது, சாந்தாமணிக்கு இன்னும் அந்தச் சொல் தொண்டையை விட்டு இறங்கவில்லை. பூஞ்சை ஊறுகாய் ஜாடியில் பிடிக்கும், மழைக்காலத்தில் பீரோவுக்குள் கிடக்கிற தோல் பையில் பிடிக்கும், மறந்துபோன ரொட்டியில் பச்சைப் பசேலென்று பிடிக்கும், மனுசன் ரத்தத்தில் எப்படிப் பிடிக்கும், ரத்தம் என்ன ஒரே இடத்திலா உட்கார்ந்திருக்கிறது, அது ஓடிக்கொண்டே அல்லவா இருக்கிறது. "உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல ஈஸ்ட் மாதிரி ஒரு பூஞ்சை வளருதும்மா, எந்த வழியா உள்ள போச்சுன்னுதான் தேடிட்டிருக்கோம்" என்றார் டாக்டர் அஃப்ரின். சொல்லும்போதே அவருடைய போன் அடித்தது, போனைக் காதில் வைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். தேடுகிறார்களாம். அதற்குள் நர்ஸ் வந்து ரவுண்ட்ஸ் நேரம், கூட இருக்கிறவர்கள் எல்லாம் வெளியே போங்கள் என்று கோழியைக் கூண்டைவிட்டு விரட்டுவதுபோல விரட்டிவிட்டாள். கோயம்புத்தூரில் இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி வராந்தாவில் நான்கு இரும்பு நாற்காலி, அதில் ஒன்று ஆடுகிறது, அந்த ஆடுகிற நாற்காலிதான் எப்போதும் சாந்தாமணிக்கு வாய்க்கும். மடியில் கட்டைப்பை. கட்டைப்பைக்குள் துண்டு, டம்ளர், நீல நோட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. டாக்டர் ஈஸ்ட் என்று சொன்னதுமே அவளுக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த பேருக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரியில், அதே ஈஸ்ட் என்ற சொல்லை அவள் பதினோரு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளும் படித்ததில்லை, பார்த்ததோடு சரி. இங்கே எட்டுப் பேர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு எந்த வழியாக என்று தேடுகிறார்கள், வழி இங்கே ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதுவாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு தயிர்ச் சத்து மாத்திரை மனுசனைப் படுக்கையில் போடுமா.

பெட்டிக்குள் எட்டாய் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தால் முழங்கை நீளத்துக்கு வருகிறது, இத்தனை எழுதுகிறவன் ஒரு வரியைத் தமிழில் எழுதினால் கை முறிந்துவிடுமா. மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வந்த அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை எவள் தேடுவாள். போனில் படம் எடுத்து இரண்டு விரலால் அகட்டி அகட்டிப் பார்த்தாள். பி.ஏ. முதல் வருடத்தோடு கல்யாணம் பண்ணிக்கொடுத்துவிட்டார்கள், அந்த ஒரு வருட இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவள் எல்லா மருந்துச் சீட்டும் படித்துக் காலத்தை ஓட்டிவிட்டாள். வயிறு உப்புசம் வரலாம். வாயு பிரியலாம். மலச்சிக்கல் வரலாம், தாகம் எடுக்கலாம், சிலருக்குத் தோலில் அரிப்பு. போகட்டும், அதெல்லாம் போகட்டும், வெங்காயம் தின்றாலும் வாயு பிரியும். விரலைக் கீழே தள்ளினாள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் என்று ஒரு வரி. அதற்கும் கீழே கதீட்டர் என்ற சொல். மற்ற சொல்லெல்லாம் தட்டுத் தடுமாறிப் படித்தவளுக்கு இந்தச் சொல் மட்டும் கண்ணில் பட்ட மாத்திரத்தில் தெரிந்தது, நீல நோட்டில் அவளே அதைக் கைப்பட எழுதியிருக்கிறாள், கதீட்டர் கழுவிய தேதி, கதீட்டர் கட்டு மாற்றிய தேதி என்று. கீமோ மருந்து ஏற்றுவதற்காக அவள் புருசன் வெள்ளிங்கிரியின் வலது கை முழங்கைக்கு மேலே செருகிய மெல்லிய குழாய், உள்ளே நரம்பு வழியாக நெஞ்சு வரைக்கும் போகிறதாம், வெளியே இரண்டு விரற்கடை தொங்குகிறது, அதன் பேர்தான் கதீட்டர். அந்தக் குழாய் போட்டவர்களுக்கு இந்த மருந்து கூடாது. இரண்டாவது தடவை படித்தாள், கூடாது என்றுதான் இருந்தது. மூன்றாவது தடவை படித்தபோது அடுத்த வரியும் கூடவே வந்தது: அப்படிப்பட்ட நோயாளியின் பக்கத்தில் வைத்து இதைப் பிரிக்கவும் கூடாது, பிரிக்கிறவர் கையுறை மாட்ட வேண்டும். உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்றால் சரி. பக்கத்தில் பிரிக்கவே கூடாதா. அப்படிப்பட்ட சமாச்சாரத்தை மருந்துக்கடையில் மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறான், கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று, "பத்து போதுங்ளா, இருவது போடட்டுங்ளா?" சைடு எபெக்டே கிடையாதுங்க அக்கா, கைக்குழந்தைக்குக்கூடக் குடுக்கலாம் என்றான். யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டானா. சாந்தாமணி சொன்னாளா என்று கேட்டால் அவளும்தான் சொல்லவில்லை. வயித்துக்கு என்றுதான் சொன்னாள். எல்லாம் தயிரால் வந்தது. தயிர் இல்லாவிட்டால் வெள்ளிங்கிரிக்குச் சோறே கிடையாது, அது அப்படி ஒரு பிறவி. கிரைண்டர் கம்பெனியில் முப்பது வருடம் கல் கொத்திப் பொருத்தின ஆள், பழனிக்கு நடந்தபோதும் தூக்குப்போசியில் தயிரோடுதான் நடந்தார், பெண் பார்க்க வந்த அன்றுகூட பஜ்ஜியை ஓரம் தள்ளிவிட்டு மோர் இருக்குதுங்களா என்று கேட்ட ஆள்தான். அவரிடம் போய்த் தயிர் கூடாது என்று சொல்வது என்றால். மூன்றாவது கீமோ முடித்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள், வெள்ளை அணு தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நாட்களில் பச்சைக் காய் கூடாது, தோலோடு பழம் கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது, தயிர் கூடாது, மோர் கூடாது. அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒட்டியது மட்டுமா, அந்தத் தாளுக்குக் காவல் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம் அவர் எழுந்து வந்து பிரிட்ஜைத் திறந்தபோது, கீமோக்காரர் என்றும் பார்க்காமல், கையில் இருந்த கரண்டியால் கதவைத் தட்டினாள். "ஒரே ஒரு கரண்டி புள்ள, ரசத்துமேல ஊத்திக்கறேன், நாக்கு செத்துப்போச்சு" என்று அந்த மனுசன் நின்ற நிலை. முடி கொட்டி, புருவமும் கொட்டி, பனியன் தோளில் நிற்காமல் வழிந்துகொண்டு. அவள் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதற்கு என்ன பாடு பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கொடுத்திருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ, தயிரைக் கொடுக்காத புண்ணியவதி அதைவிடப் பெரிசாக ஒன்றைக் கொடுத்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் யாரிடமோ போனில் தேங்காய் லோடு இறங்கியாச்சா, இறங்கியாச்சா என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கினால் இறங்குகிறது, இல்லாவிட்டால் போகிறது, கொஞ்சம் மெதுவாகப் பேசினால் என்ன. அவளுக்கு யார்மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருந்தது. நங்கைமேல் விழலாம். நங்கை என்றால் வெள்ளிங்கிரியின் அக்கா, பேரு தனபாக்கியம், பொள்ளாச்சியில் இருக்கிறாள், போனில் வைத்தியம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தயிரை நிறுத்திய மறுநாளே கூப்பிட்டாள். "தயிரு ஆவாதுன்னா தயிருல இருக்கற சத்து மட்டும் மாத்திரையா வருது கண்ணு, நல்ல கிருமியாமா, எங்க பக்கத்து வீட்டு டீச்சர் தெனமும் போடுது, வயிறு ஒரு கோளாறும் இல்லாம கல்லாட்டம் இருக்குதாம்" என்றாள். சாந்தாமணி அதைக் கேட்டு எத்தனை சந்தோசப்பட்டாள் என்பதை இப்போது நினைத்தால் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியது. தயிர் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள், தயிர்ச் சத்து கூடாது என்று எழுதவில்லை. பால் கறக்கிறவன் கை படாது, உறை ஊற்றுகிற கரண்டி படாது, சீல் வைத்த டப்பா, மெடிக்கலில் வாங்கியது, இதைவிடச் சுத்தமாக ஒரு பொருள் உண்டா. தாளையும் மீறவில்லை, அந்த மனுசன் வயிறும் காயவில்லை. எவ்வளவு பெரிய புத்திசாலி என்று அன்றைக்கு ஒரு நிமிசம் தன்னைப் பற்றியே நினைத்தாள், நினைத்தது வாஸ்தவம். ஆனால் மாத்திரை என்று நீட்டினால் வாங்க மாட்டார். ஒரு நாளைக்குப் பதினாலு மாத்திரை, எண்ணி எண்ணி முழுங்கி அலுத்துப்போய், இன்னொன்றைக் காட்டினால் தட்டையே தள்ளிவிடுவார். அதனால் சொல்லவில்லை. காலையில் ரசஞ்சோறு பிசைந்து, சூடு இருந்தால் நல்ல கிருமி செத்துப்போகும் என்று மருந்துக்கடைக்காரன் சொன்னதால் விசிறி விசிறி ஆற வைத்து, அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, முந்தானை மறைவில் அந்த மாத்திரையின் இரண்டு மூடியையும் இழுத்துப் பிரித்து, உள்ளே இருக்கிற பொடியைச் சோற்றில் தட்டி, விரலில் ஒட்டினதையும் வீணாக்காமல் சோற்றிலேயே துடைத்து. அப்புறம். அப்புறம் அவர் சாப்பிடும்போது கையை அசைக்கிறார், குழாய் ஆடுகிறது, கட்டு விலகுகிறது என்று அதே விரலால் கட்டைச் சரி பண்ணினாள். தினமுமா? தினமும்தான். கழுவினாளா? சோறு பிசைந்த கையை, சோறு தொட்ட கை சுத்தமான கைதானே என்று, சேலையில் துடைத்திருப்பாள். விரல்கள் மடியில் கிடந்தன, பத்தும் நன்றாகத்தான் இருந்தன, நகத்தை ஒட்ட வெட்டி, மருதாணிகூட இல்லாமல், ஆஸ்பத்திரியில் சொன்ன அத்தனையும் கேட்ட விரல்கள். அதில் எதில் ஒட்டியிருந்தது, எந்த நாளில் போயிற்று, முதல் நாளா, ஐந்தாம் நாளா. ஐந்தாம் நாள் வயிறு உப்பிக்கொண்டது என்று அவர் புரண்டு புரண்டு படுத்தார். ஏப்பம் ஏப்பமாக விட்டார். அவள் உடனே பொள்ளாச்சிக்குப் போன் பண்ணினாள், டாக்டருக்குப் பண்ணவில்லை. "உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம் கண்ணு, நிறுத்திப்போடாத, மொதல்ல அப்படித்தான் இருக்கும்" என்றாள் நங்கை. வேலை செய்கிறதாம். நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, வயிற்றோடு நிற்காமல் ரத்தம் வரைக்கும் போய்ச் செய்திருக்கிறது. இல்லை, இதுவாக இல்லாமலும் இருக்கலாம், காற்றில் இல்லாத பூஞ்சையா, ஆஸ்பத்திரியில் இல்லாத பூஞ்சையா, கீமோ போட்டவர்கள் எல்லாருக்கும் காய்ச்சல் வரும் என்று இவர்களே சொல்லியிருக்கிறார்கள். அப்படியே இருந்துவிட்டால் எத்தனை நல்லது. அந்தக் காகிதத்தை நான்காக மடித்தாள், எட்டாக மடிக்க வரவில்லை, பழைய மடிப்பு எது என்றே தெரியவில்லை, எந்தப் பக்கம் மடித்தாலும் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கசக்கிப் பைக்குள் போட்டாள்.

ஆனால் அது இல்லை பெரிசு. பெரிசு வேறு. மூன்று நாளைக்கு முன்னால் நூற்றுமூன்று காய்ச்சலில், உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போட, அவரைக் கொண்டுவந்து படுக்க வைத்த அன்றைக்கே இந்தச் சின்ன டாக்டர் கேட்டார். நாங்க எழுதிக் குடுத்தத தவிர வேற எதாவது மருந்து, நாட்டு மருந்து, பொடி, லேகியம், எதாவது குடுத்தீங்களா என்று தெளிவாகக் கேட்டார். சாந்தாமணி வாயைத் திறப்பதற்குள் அந்த மனுசன், பல் கிட்டிக்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும், பெருமையாகச் சொன்னார்: "எம்பட சம்சாரமுங்களா? அவ ரொம்பக் கண்டிசனுங்க டாக்டர். ஒரு வாய் தயிருகூடத் தர மாட்டா." டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். சாந்தாமணியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இப்போது நெஞ்சில் மீன்முள்ளாக நிற்கிறது. பொய் சொல்லவில்லை என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், அவள் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வரவில்லைதான், அவர் சொன்னார், இவள் சிரித்தாள், டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் அது மருந்து என்றே அவளுக்குத் தோன்றவில்லை என்பதும் உண்மை. மருந்து என்றால் கசக்கும், மருந்து என்றால் டாக்டர் எழுதுவார், இது தயிருக்குப் பதிலாக. அப்படியானால் ஏன் சொல்லியிருக்கக் கூடாது. தயிருக்குப் பதிலாக இதைக் கொடுத்தேனுங்க என்று அப்போதே சொல்லியிருந்தால் என்ன. சொன்னால் திட்டுவார்கள் என்று பயமா? அவளைத் திட்டாத ஆள் யார் இருக்கிறார்கள், திட்டுக்குப் பயந்தவள் இல்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகு, அத்தனை பேர் முன்னாலும் கண்டிசன் என்று சொன்ன பிறகு, இல்லைங்க, நான் அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அந்த ஆள் அவளைப் பற்றி வெளியாட்களிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு இப்படி ஒரு காரியமா. சரி, அன்றைக்குச் சொல்லவில்லை, அதோடு நிறுத்தியாவது இருக்கலாமே, நிறுத்தினாளா? இங்கே கொடுக்கிற ஊசி மருந்தில் வயிற்றால் போகிறது என்று, வயிற்றால் போனால் நல்ல கிருமியெல்லாம் போய்விடுமே என்று, இங்கேயும் கொடுத்தாள். நேற்றுக் கொடுத்தாள். இன்றைக்குக் காலையில் ஏழரை மணிக்கு, நர்ஸ் பக்கத்துப் படுக்கைக்குத் திரும்பின நேரத்தில், இட்லிக்குள் வைத்து. ஒன்பதரைக்கு டாக்டர் பூஞ்சை என்கிறார். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வரைக்கும் கொடுத்திருக்கிறாள். அது இப்போது அவருடைய வயிற்றில் இருக்கிறது. இந்த நிமிசம் இருக்கிறது. அவள் இங்கே உட்கார்ந்து யாருடைய தேங்காய் லோடோ இறங்கியதா என்று காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

எழுந்தாள். கதவில் இருந்த செக்யூரிட்டி ரவுண்ட்ஸ் முடியலைங்கம்மா என்றான். உட்கார்ந்தாள். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது, வந்ததும் அதற்காக வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே வராந்தா மூலையில் இருந்த குப்பைத் தொட்டிகளைப் பார்த்தாள். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, நான்கு தொட்டி, ஒவ்வொன்றிலும் எதைப் போட வேண்டும் என்று படம் போட்டிருந்தது, ஊசிக்குப் படம் இருக்கிறது, பஞ்சுக்குப் படம் இருக்கிறது, வாழைப்பழத் தோலுக்குப் படம் இருக்கிறது. பெண்டாட்டி புருசனுக்குத் தெரியாமல் கொடுத்த மாத்திரையை எந்தத் தொட்டியில் போடுவது என்று படம் இல்லை. இந்த யோசனையில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகை வந்துவிடும் என்று அடக்கினாள். போன் நடுங்கியது. நங்கைதான். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். "என்ன சொல்றாங்க கண்ணு, காச்ச எறங்கிச்சா?" "ரத்தத்துல பூஞ்சையாமுங்க நங்கை. அந்த மாத்திரையில இருந்து வந்திருக்குமோன்னு இருக்குதுங்க. அதுலயே எழுதியிருக்குது, கொழாய் போட்டவிங்களுக்கு ஆவாதுன்னு." அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மிக்ஸி நின்றது. "நா நல்லதுன்னுதானே சொன்னேன், குடுன்னா சொன்னேன்? நீ டாக்டரக் கேட்டுப்போட்டுல்ல குடுத்திருக்கோணும்" என்றாள் நங்கை. "கேட்டிருக்கோணுமுங்க" என்றாள் சாந்தாமணி. "இப்பப் போயி எதையும் சொல்லிக்கிட்டு இருக்காத. அவிங்க கண்டுபுடிப்பாங்க, அதுக்குத்தான் படிச்சிருக்காங்க. சொன்னா உம்மேல பழி போட்டுட்டுக் கையக் கழுவிருவாங்க. தம்பிக்கும் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிருவான்." வைக்கட்டுமா என்றுகூடக் கேட்காமல் சாந்தாமணி போனை வைத்தாள். கோபம் கோபமாக வந்தது, அதில் பாதி நங்கைமேல் இல்லை. நங்கை சொன்னது அத்தனையும் அவளே அரை மணி நேரமாக நினைத்துக்கொண்டிருந்ததுதான், அடுத்தவர் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது. கண்டுபிடிப்பார்களாம். எத்தனை நாளில்? இருதயத்தை ஸ்கேன் பண்ணுவார்கள், கண்ணைப் பார்ப்பார்கள், சிறுநீரைப் பார்ப்பார்கள், தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடிக்கும்போது பார்ப்பதற்கு ஆள் இருக்க வேண்டுமே. வெள்ளை அணு முந்நூறு என்று நேற்றுத்தான் நீல நோட்டில் எழுதினாள், நாலாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறு. முந்நூறு பேரை வைத்துக்கொண்டு அந்த உடம்பு எதை எதிர்த்து நிற்கும். நல்ல கிருமி என்றார்கள். யாருக்கு நல்லது? தின்று தெம்பாக இருக்கிற பொள்ளாச்சி டீச்சருக்கு நல்லது. நல்லது என்ற சொல்லை நம்பித்தான் அவள் கெட்டாள், கெட்டது என்று எழுதியிருந்தால் அரை நிமிசத்தில் படித்திருப்பாள்.

கதவு திறந்தது. பெரிய டாக்டர் முன்னால் வர, பின்னால் ஐந்தாறு பேர், எல்லாரும் ரயிலைப் பிடிக்கிற வேகத்தில். சாந்தாமணி எழுந்து நின்று "டாக்டர்" என்றாள். பெரிய டாக்டர் நடந்துகொண்டே "பாத்துட்டிருக்கோம்மா, ஸ்ட்ராங்கான மருந்து ஆரம்பிக்கறோம்" என்றார், அவள் அடுத்த வார்த்தையைச் சேர்ப்பதற்குள் லிஃப்டுக்குள் போய்விட்டார். முக்கால் மணி நேரமாக வாயில் உருட்டி வைத்திருந்த வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. இனி எப்போது வருவார், சாயங்காலமா, நாளைக்கா. விட்டுவிடலாமா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டுதான் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. டாக்டர் அஃப்ரின் கடைசியாக ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். சாந்தாமணி அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துவிட்டாள், பிடித்த பிறகுதான் விரல் ஞாபகம் வந்து வெடுக்கென்று விட்டாள். "ஒண்ணு சொல்லோணுமுங்க டாக்டர்." "உள்ள வாங்கம்மா, அவருக்கு ட்ரிப் மாத்தணும், பேசிக்கிட்டே பாக்கறேன்." "இங்கயே சொல்லிடறேனுங்க." "வாங்கம்மா" என்று டாக்டர் உள்ளே போய்விட்டார். போயும் போயும் அந்த மனுசன் எதிரிலா. இந்த ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தையைத் தனியாகச் சொல்ல ஒரு மூலை கிடையாது.

வெள்ளிங்கிரி கண்ணை மூடிப் படுத்திருந்தார், காலடிச் சத்தத்தில் திறந்தார். "எங்க போயிட்ட புள்ள?" என்றார். அவள் அவரைப் பார்க்காமல் பைக்குள் கையை விட்டு, துண்டையும் டம்ளரையும் நோட்டையும் தள்ளி, பெட்டியை எடுத்துக் கட்டில் பக்கத்து மேசையில் வைத்தாள். "அன்னைக்குக் கேட்டீங்களே டாக்டர், வேற எதாச்சும் குடுத்தீங்களான்னு. குடுத்தனுங்க. இதக் குடுத்தனுங்க. தயிரு ஆவாதுன்னீங்க, தயிருக்குப் பதிலா இருக்கட்டும்னு." டாக்டர் பெட்டியை எடுத்துத் திருப்பி அந்த எறும்பு வரியைப் படித்தார். அவர் முகத்தில் இருந்த களைப்பு போய், வேறு ஒன்று வந்தது. அது கோபமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று சாந்தாமணி நினைத்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நாந்தானுங்க டாக்டர் வாங்கியாரச் சொன்னேன். வயிறு ஒரு மாதிரியா இருந்துச்சு. அவ வேண்டாம்னுதான் சொன்னா." பொய். மூச்சு வாங்க வாங்க ஒரு முழுப் பொய். சாந்தாமணிக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ. "நீங்க சித்த சும்மா இருங்க" என்று கத்திவிட்டாள். "அவருக்கு எதுவுமே தெரியாதுங்க டாக்டர். மாத்திரையப் பிரிச்சுச் சோத்துல கலந்து நாந்தான் குடுத்தேன். அவரு பக்கத்துல உக்காந்துதான் பிரிச்சேன். அதே கையில கொழாயத் தொட்டனுங்க, கட்டச் சரி பண்ணனுங்க. பதினோரு நாளா." "கடைசியா எப்பம்மா?" "இன்னைக்குக் காலையில. இட்லியில." டாக்டர் போனை எடுத்தார். லேபுக்குப் பேசினார், பெட்டியில் இருந்த பேரை எழுத்துக் கூட்டிச் சொன்னார், வளர்ந்திருப்பது அதுதானா என்று பார்க்கச் சொன்னார். நர்ஸைக் கூப்பிட்டுக் கைக்குழாயை இப்போதே எடுக்க வேண்டும், ட்ரே கொண்டுவாருங்கள் என்றார். சாந்தாமணி பக்கம் திரும்பி, "இதுதான்னு இப்பவே நான் சொல்ல மாட்டேன், லேப் சொல்லணும். ஆனா எங்க தேடணும்னு இப்பத் தெரியுது. இனிமே கேட்டா எல்லாத்தையும் சொல்லுங்கம்மா, தண்ணி குடுத்தாலும் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். ஒரு வசவு இல்லை. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கட்டிலருகே அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ட்ரிப் சொட்டிக்கொண்டிருந்தது. "ரசஞ்சோத்துலயா?" என்று கேட்டார் வெள்ளிங்கிரி. "ம்." "பதினோரு நாளா?" "ம். வையறதுன்னா வைஞ்சிருங்க. சும்மா படுத்திருக்காதீங்க." அவர் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "எதுக்கு வையறது? நீ தட்டக் கொண்டாந்து வெச்சா நா என்னைக்கு என்ன இருக்குதுன்னு பாத்துத் தின்னிருக்கேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவில்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். சாந்தாமணி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ட்ரேயோடு வந்து, கையுறையை மாட்டிக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. அண்ணா, மொதல்ல இந்தக் கையில ஒரு ஊசி போட்டுட்டு அப்பறம் கொழாய எடுத்துடலாம்" என்றாள். சாந்தாமணி சுவரோரம் தள்ளி நின்றாள். வெள்ளிங்கிரி ட்ரேயைப் பார்க்கவில்லை, ஊசியைப் பார்க்கவில்லை, நர்ஸையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "போட்டுக்கலாமா சாந்தா?" என்று கேட்டார். போட்டுக்குங்க என்று சொல்ல அவள் இரண்டு தடவை வாயைத் திறக்க வேண்டியிருந்தது.